அயல்நாட்டிலிருந்து பணிபுரியும் இன்சுலின் பயனாளர்களுக்கு

சென்னையில் அலுவலகம், லிஸ்பனில் வாடகை வீடு, இடையே ஒரு மடிக்கணினி. இவ்வாறு வாழ விரும்புவோருக்கென 2022-இல் போர்ச்சுகல் தனி விசாவை அறிமுகப்படுத்தியது. 2024-இல் தாய்லாந்தும் வழி திறந்தது. விசா, வங்கிக்கணக்கு, இணைய வேகம் ஆகியவற்றை விசாரித்துத் தெரிந்துகொள்வோர், இன்சுலினைப் பற்றிக் கேட்பது பெரும்பாலும் பயணத்திற்கு முந்தைய நாளில்தான்.

நாங்கள் முதலில் வலியுறுத்துவது இன்சுலினின் செறிவைப் பற்றி. இந்தியாவில் குப்பிகளில் கிடைக்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்டது. அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. வெளிநாடுகளில் பரவலாக விற்கப்படுவது 100 யூனிட் கொண்டது. அங்கு வாங்கிய மருந்தை இங்கிருந்து கொண்டுசென்ற சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை ஏற்றினால், உடலில் சேர்வது 25 யூனிட். தனியே வசிப்பவர் உறக்கத்தில் சர்க்கரை சரிந்து மயங்கினால், அதை அறிய அருகில் எவருமில்லை. ஆகவே குப்பி பயன்படுத்துவோரைப் புறப்படுமுன் இன்சுலின் பேனாவுக்கு மாற்றுவதையே நாங்கள் விரும்புகிறோம்; பேனாக்களில் பெரும்பாலானவை இங்கும் அங்கும் 100 யூனிட் செறிவுடையவை.

மருந்தைக் கைப்பையிலேயே எடுத்துச்செல்லுங்கள். விமானத்தின் சரக்கறையில் அது உறையக்கூடும். உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்கு நன்றாயிருந்தாலும் பயன்படாது. வாடகை அறைகளின் சிறு குளிர்பெட்டியில் உறைபகுதியை ஒட்டி வைப்பதும் அதே கேடுதான். திறக்காதவற்றுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் தேவை.

சென்னை நேரத்தில் காலை 9 மணிக்குத் தொடங்கும் பணி, குளிர்கால லிஸ்பனில் அதிகாலை 3.30 மணிக்கே தொடங்கிவிடும். உணவும் உறக்கமும் இடம் மாறும்போது ஊசியின் நேரமும் மாறவேண்டும். அதைத் தாமாக மாற்றிக்கொள்ளாமல், பணிநேரத்தை எங்களிடம் கூறி அட்டவணை எழுதிப் பெறுங்கள்.

பயணக் காப்பீடுகள் பலவும் ஏற்கெனவே உள்ள நோய்களை விலக்குபவை. பத்திரத்தில் ‘நீரிழிவு’ எனும் சொல் எங்கு வருகிறது என்று பார்த்த பின்னரே பணம் செலுத்துங்கள்.

குடும்பத்தாருக்கு ஒன்று: அங்குள்ள முகவரியையும், வீட்டு உரிமையாளர் அல்லது அண்டைவீட்டாரின் தொலைபேசி எண்ணையும் வாங்கி வையுங்கள். காலை அழைப்புக்குப் பதில் வராவிடில், கதவைத் தட்ட அவர் வேண்டும். போர்ச்சுகலில் அவசர எண் 112. அதை அழைக்க வேண்டியவரும் அங்கிருக்கும் அவரே.