அம்மாவுக்கு விளங்கினால் சபைக்கும் விளங்கும்

தங்கச்சி, கெம்பஸில் உன் ஆய்வை முன்வைக்கத் திகதி குறித்துவிட்டார்களா? உடனே லெப்டொப்பைத் திறந்து ஸ்லைட் செய்ய உட்காராதே. முதலில் வாயால் சொல்லிப் பார்.

தேயிலைக் கொப்புள நோய்தான் உன் தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். நானுஓயாவில் ரயிலேறி ரதெல்ல, கிரேட் வெஸ்டர்ன், வட்டகொட தாண்டினால் தலவாக்கலை. அங்கே சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது, 1925இல் உருவான தேயிலை ஆராய்ச்சி நிறுவனம். கொப்புள நோய் இலங்கைக்கு வந்தது 1946இல். நல்ல வரலாறுதான்; ஆனால் பத்து நிமிடப் பேச்சில் அதற்கு அரை நிமிடம் போதும். முன்னுரையிலேயே ஆறு நிமிடத்தை விட்டால், நீ சொந்தமாகக் கண்டதைச் சொல்ல வரும்போது மணி அடித்துவிடுவார்கள்.

ஒத்திகையை வீட்டில் வை. கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து அம்மா வந்து தேத்தண்ணி குடித்து முடிக்கட்டும். பிறகு தமிழில் சொல்லு. "நீ கொப்புளம் எண்ணினது கவ்வாத்து வெட்டின மலையிலயா, பழைய மலையிலயா? மழை மாசமா, வெயில் மாசமா?" என்று கேட்பார். சாதாரணக் கேள்வியென்று நினைக்காதே. கவ்வாத்துக்குப் பின் துளிர்க்கும் இளங்கொழுந்தில்தான் இந்த நோய் கடுமையாகப் பிடிக்கும். ஈரமும் பனிமூட்டமும் அதற்குத் தோது. பேராசிரியரும் சுற்றி வளைத்து இதைத்தான் கேட்பார். விடையை ஸ்லைடிலேயே போட்டுவிடு: எந்த மாதம், எந்த இனச் செடி, கவ்வாத்து வெட்டி எத்தனை மாதம்.

படம் காட்டுவதென்றால் இலையின் அடிப்பக்கத்தைக் காட்டு. மேலே குழிந்திருக்கும், அடியில்தான் வெள்ளைக் கொப்புளம் புடைத்து நிற்கும். பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படமெடுத்தால் அளவும் தெரியும்.

ஒரு ஸ்லைடுக்கு ஒரு வரைபடம், அவ்வளவுதான். "மருந்து அடித்ததும் நோய் குறைந்தது" என்று மட்டும் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நூறு கொழுந்து எண்ணினால் எத்தனையில் கொப்புளம், மருந்து அடிக்காத பாத்தியில் எத்தனை, எத்தனை பாத்தியில் திரும்பச் செய்து பார்த்தாய் என்று சொல்லு. வரைபடம் வந்ததும் முடிவுக்கு ஓடாதே. கிடை அச்சு என்ன, நிலை அச்சு என்ன என்று விரலால் காட்டிய பிறகு பேசு. எக்செல் அட்டவணையை அப்படியே ஒட்டுவதை எனக்குப் பிடிக்காது. பின்வரிசையில் இருப்பவருக்கு அது எறும்பு ஊர்வது மாதிரித்தான்.

இங்கிலீஷில் பேசவேண்டும் என்றால் முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய். நடுவில் உள்ளதை உன் சொந்த வார்த்தையில் சொல்லு, உச்சரிப்பு எப்படி வந்தாலும் பரவாயில்லை. முழுவதையும் உருப்போட்டவர்கள் ஒரு சொல் தவறினால் மொத்தமாக நின்றுபோவார்கள்.

கேள்வி நேரத்தில் அவசரம் வேண்டாம். கேட்டதைத் திருப்பிச் சொல்லி, சரியாக விளங்கியதா என்று உறுதிப்படுத்திக்கொள். தெரியாவிட்டால், "அதை நான் அளக்கவில்லை, சேர்" என்று நேராகச் சொல்லு. மழுப்பினால் அடுத்த கேள்வி அங்கேயேதான் வரும்.

பென் ட்ரைவில் ஒரு பிரதி, மெயிலில் ஒரு பிரதி வைத்துக்கொள். உன் முறை முடிந்ததும் எழும்பிப் போய்விடாதே. அடுத்துப் பேசும் பிள்ளையையும் இருந்து கேள், ஒரு கேள்வியாவது கேள்.