பில் போடும் கம்ப்யூட்டரும் கணக்கு காக்கும் சர்வரும்

மூட்டை நிறுக்கும் தராசில் நாம் ஏலக்காய் நிறுப்பதில்லை. என்ன சரக்கு, எவ்வளவு எடை என்று பார்த்துத்தான் தராசு வாங்குகிறோம். கம்ப்யூட்டர் வாங்கும்போது மட்டும் இந்த நிதானம் நமக்கு வருவதில்லை. "ஐ-7 போட்டுக்கொள்ளுங்கள், பத்து வருடத்துக்குக் கவலையில்லை" என்று விற்பவர் சொல்கிறார், நாமும் தலையாட்டிவிடுகிறோம். ஆனால் நாலைந்து கவுண்டரில் பில் போடும் கடையில் வேகத்தைத் தீர்மானிப்பதும் கணக்கைக் காப்பதும் பெரும்பாலும் அந்த விலையுயர்ந்த பிராசஸர் அல்ல.

மொத்த வியாபாரத்தில் சரக்கு கடனில் போகிறது. யார் எவ்வளவு தரவேண்டும் என்பதற்கு முன்பு பேரேடு இருந்தது. இன்று நம்மில் பலரிடம் அது சர்வருக்குள் மட்டுமே இருக்கிறது. அந்த டிஸ்க் போய்விட்டால், வெளியில் நிற்கும் பாக்கிக்கு வாங்கியவர் சொல்வதே கணக்கு என்று ஆகிவிடும். ஆகையால் எந்திரம் தேர்ந்தெடுப்பதைக் கல்லாப் பெட்டிக்குப் பூட்டு தேர்ந்தெடுப்பதுபோல் பார்க்கவேண்டும்.

மென்பொருள் விற்பவரிடம் முதலில் ஒரே கேள்வி கேளுங்கள்: "கணக்குப் போடும் வேலை எந்த எந்திரத்தில் நடக்கிறது?" டேலியைப் பலர் சேர்ந்து பயன்படுத்தும்போது, வழக்கமான அமைப்பில் தகவல் சர்வரிலுள்ள பொதுக் கோப்புறையில் இருக்கும், ஒவ்வொரு கவுண்டர் எந்திரமும் அதை வயர் வழியாக இழுத்துத் தானே கணக்கிடும். இங்கே சர்வரில் டிஸ்க் வேகமாக இருக்கவேண்டும், நடுவிலுள்ள வயர் நன்றாக இருக்கவேண்டும், கவுண்டர் எந்திரம் மிகப் பழையதாக இருக்கக்கூடாது. எஸ்.க்யூ.எல். வகை மென்பொருளில் தேடுவதும் கூட்டுவதும் சர்வரிலேயே நடந்து விடை மட்டும் கவுண்டருக்கு வரும். அங்கே சர்வரின் ரேமுக்கும் பிராசஸருக்கும் பணம் போடுவது நியாயம். இரண்டு வகைக்கும் ஒரே கொட்டேஷன் தருபவரிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

அடுத்தது டிஸ்க். சுழலும் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு தகவலுக்கும் அதன் முள் இடம் நகர்ந்து, வட்டு சுற்றி வரும்வரை காத்திருக்கவேண்டும். இவ்வாறு சிதறிக் கிடக்கும் தகவலை விநாடிக்கு ஏறக்குறைய 80 தடவைதான் அதனால் எடுக்க முடியும். நாலு கவுண்டரில் ஒரே நேரத்தில் பில் ஓட, முதலாளி உள்ளே உட்கார்ந்து இருப்புப் பட்டியல் கேட்டால், எல்லோரும் அந்த ஒரே முள்ளுக்காக வரிசையில் நிற்கிறார்கள். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. இதே வேலையை அது விநாடிக்குப் பல ஆயிரம் தடவை செய்யும். பழைய எந்திரத்தை மாற்றாமல் டிஸ்க்கை மட்டும் எஸ்.எஸ்.டி.யாக மாற்றிய கடைகளில் பில் போடும் வேகம் கண்ணுக்குத் தெரிந்து கூடியிருக்கிறது. கொள்ளளவுக்கு அதிகம் கொடுக்கவேண்டாம். பலசரக்குக் கடையின் பல வருடக் கணக்கும் சில ஜி.பி.க்குள் அடங்கிவிடும்; 500 ஜி.பி. தாராளம்.

சர்வரில் அப்படிப்பட்ட டிஸ்க் இரண்டு வைத்து, ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதும்படி அமைக்கலாம். இதற்கு ரெய்ட்-1 என்று பெயர். ஒன்று பழுதானாலும் கடை ஓடும். ஆனால் இதை நகல் என்று எண்ணிவிடக்கூடாது. கணக்கர் தவறுதலாக ஒரு பார்ட்டியின் கணக்கை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே விநாடியில் அழியும்.

சர்வர் என்றே செய்து விற்கும் எந்திரம் அவசியமா? டெல் பவர்எட்ஜ், எச்.பி. புரோலயன்ட், லெனோவோ திங்க்சிஸ்டம் போன்றவற்றில் சிறிய டவர் வகைகள் உண்டு. நினைவகத்தில் நேரும் சிறு பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ஈ.சி.சி. ரேம், நாள் முழுதும் ஓடத் தாங்கும் அமைப்பு ஆகியவற்றுக்காக அவற்றில் கூடுதல் விலை. மூன்று நான்கு கவுண்டர் உள்ள கடைக்கு 16 ஜி.பி. ரேமும் இரண்டு எஸ்.எஸ்.டி.யும் உள்ள நல்ல கம்பெனி மேசைக் கம்ப்யூட்டரே போதும் என்பது எங்கள் கருத்து. ஒரு நிபந்தனை: அதில் யாரும் பில் போடக்கூடாது, பையன்கள் படம் பார்க்கக்கூடாது. பத்து கவுண்டரைத் தாண்டினாலோ குடோன்கள் தனித்தனியே இருந்தாலோ உண்மையான சர்வருக்குப் போகலாம். சாதாரண விண்டோஸ் 11 எந்திரத்தின் கோப்புகளை வேறு 20 எந்திரங்கள் வரை பயன்படுத்த அதன் உரிமமே இடம் தருகிறது. அதற்குள் இருப்பவர்கள் விண்டோஸ் சர்வர் உரிமமும், ஆளுக்கொன்றாக அதற்கான கூடுதல் உரிமமும் வாங்கிச் செலவிடவேண்டியதில்லை.

கவுண்டர் எந்திரத்துக்கு 8 ஜி.பி. ரேமும் சிறிய எஸ்.எஸ்.டி.யும் போதும். சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களிலும் கம்பெனிகள் கழித்த பழைய கம்ப்யூட்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்குவது தவறல்ல, பிராசஸர் எண்ணைப் பார்த்து வாங்கவேண்டும். ஐ-5 என்பதையடுத்து 6500 என்றிருந்தால் ஆறாம் தலைமுறை, 8500 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை பெரும்பாலும் விண்டோஸ் 11-க்கு ஏற்றவை அல்ல. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ஆகையால் ஆறாம் தலைமுறை எந்திரம் அவ்வளவு மலிவாக வருவதற்குக் காரணம் இருக்கிறது.

வயருக்கு வருவோம். வை-ஃபையில் கணக்கு மென்பொருளை ஓட்டாதீர்கள். தொடர்பு ஒரு கணம் அறுந்தாலும் பாதி எழுதிய பில் கெட்டுப்போக வாய்ப்புண்டு. கேட்-6 வயரும் கிகாபிட் சுவிட்சும் போடுங்கள். பழைய 100 மெகாபிட் சுவிட்சில் விநாடிக்கு அதிகபட்சம் 12.5 எம்.பி.தான் போகும், கிகாபிட்டில் 125. எஸ்.எஸ்.டி. வாங்கிவிட்டுப் பழைய சுவிட்சை வைத்துக்கொண்டு வேகம் இல்லையே என்று குறைப்படுபவர்கள் உண்டு. வயரைக் கரண்ட் வயரோடு ஒட்டிப் போடாமல் பி.வி.சி. குழாய்க்குள் விடுங்கள். அரிசி மூட்டை இருக்கும் இடத்தில் எலிக்கு எது பிடிக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். கணக்கு கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு பில் சேமிக்கும்போது இருப்பு, பார்ட்டி கணக்கு, வரிக் கணக்கு என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. நடுவில் கரண்ட் போனால் இருப்பு குறைந்திருக்கும், பார்ட்டி கணக்கில் பற்று ஏறியிருக்காது. சில சமயம் கோப்பே திறக்காது. ஆகையால் சர்வருக்குத் தனி யு.பி.எஸ். வேண்டும். 600 வி.ஏ. என்பது 600 வாட் அல்ல. பெரும்பாலும் 360 வாட்டுக்கு மேல் தாங்காது. யு.எஸ்.பி. வயரால் சர்வருடன் இணைக்கும் வகையாகப் பார்த்து வாங்கினால், பேட்டரி இறங்கும்போது அதுவே சர்வரை முறைப்படி நிறுத்தும். சுவிட்சையும் ரூட்டரையும் யு.பி.எஸ்.ஸில் சேர்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். சர்வர் உயிரோடிருந்தும் சுவிட்ச் அணைந்தால் கவுண்டரில் அதே கதிதான். லேசர் பிரிண்டரை மட்டும் யு.பி.எஸ்.ஸில் கொடுக்காதீர்கள், அது சூடாகும்போது இழுக்கும் கரண்டைச் சிறிய யு.பி.எஸ். தாங்காது. பேட்டரியை இரண்டு மூன்று வருடத்துக்கொருமுறை மாற்றவேண்டும். எர்த் சரியாக உள்ளதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பார்த்துவிடுங்கள்.

மிளகாய்த்தூளும் மாவும் பறக்கும் இடத்தில் சர்வரை வைத்தால் மின்விசிறி அடைத்து எந்திரம் சூடாகும். காற்றோட்டமுள்ள உள்ளறையில், தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி வைப்பது போதும்.

தினமும் கடை சாத்தியபின் கணக்கை நகல் எடுக்கவேண்டும். இரண்டு வெளி டிஸ்க்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஒன்றை எப்போதும் வீட்டில் வையுங்கள். எந்நேரமும் செருகியிருக்கும் டிஸ்க் காப்பாற்றாது. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாக்ரை போன்ற பணயக் கிருமிகள் செருகியிருப்பதையும் சேர்த்தே பூட்டிவிடும். வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று ரூட்டரில் 3389 என்ற வாசலை இணையத்துக்குத் திறந்துவைக்கும் பழக்கம் சில சர்வீஸ் ஆட்களிடம் இருக்கிறது. திருடனுக்குக் கடைச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம் அது, வி.பி.என். முறையில் அமைத்துத் தரச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை நகலை வேறொரு எந்திரத்தில் திறந்து, இருப்புநிலையும் பாக்கிப் பட்டியலும் சர்வரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்பி இருந்துவிட முடியாது.

எவ்வளவு காலம் வைத்திருக்கவேண்டும்? ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு விவர அறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். 2024-25ஆம் ஆண்டுக்கு அந்தத் தேதி 2025 டிசம்பர் 31. அப்படியானால் 2031 டிசம்பர் 31 வரை. ஆகையால் எந்திரத்தை மாற்றும்போது பழைய கணக்கு புதியதில் திறக்கிறதா என்று பார்க்காமல் பழையதை எடைக்குப் போட்டுவிடக்கூடாது.

கம்ப்யூட்டருக்குச் செலுத்தும் 18 சதவீத வரியை, இணக்க முறையில் இல்லாத வணிகர்கள் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். கடையின் ஜி.எஸ்.டி. எண் பில்லில் இருக்கவேண்டும். வரியையும் சேர்த்து எந்திரத்தின் மதிப்பாகக் காட்டித் தேய்மானம் எழுதினால் அந்த வரி கிடைக்காது. இதை ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் மின் விலைப்பட்டியல் கட்டாயம். அவர்களுக்கு இணையம் நின்றால் மொத்த பில்லும் நிற்கும். இரண்டாவதாக வேறு கம்பெனி இணைப்பு ஒன்று வைத்திருப்பது வீண்செலவல்ல.

கொட்டேஷன் கேட்கும்போது வாரண்டி எத்தனை வருடம், ஆள் கடைக்கு வந்து பார்ப்பாரா, நம் ஊருக்கு எத்தனை நாளில் வருவார், டிஸ்க் பழுதானால் பழையதை நம்மிடமே விட்டுவிடுவார்களா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம்; நம் பார்ட்டிகள் பெயரும் பாக்கியும் உள்ள டிஸ்க் அது.