இடக்காதும் வலக்காதும்

அன்பு மருமகளுக்கு,

நவம்பர் கடைசியில் வரும் சி.க்யூ. உலக அமெச்சூர் வானொலிப் போட்டியில் மோர்ஸ் பக்கம் இறங்கப்போகிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். தனி ஆளாக ஆடுபவர் இரண்டு ரிக், அதாவது இரண்டு வானொலிக் கருவி, வைத்துக்கொள்வது முறைதானா என்று கேட்டிருந்தாய். முறைதான். ஒரு நேரத்தில் ஓர் அலைதான் உன் நிலையத்திலிருந்து வெளியேறலாம் என்பதே விதி. காதுக்கு அப்படித் தடை எதுவும் இல்லை.

போட்டி 48 மணி நேரம். ஒரு தடவை அழைப்பு அனுப்ப நான்கைந்து விநாடி ஆகும். அதுவரை அந்த ரிக் எதையும் கேட்காது. இரண்டு நாளும் அழைத்துக்கொண்டே இருப்பவர் இப்படி எத்தனை மணி நேரத்தை இழக்கிறார் என்று கணக்குப் போட்டுப் பார். அந்த இடைவெளியை மீட்கத்தான் இரண்டாவது ரிக்.

ஆசியாவில் இருக்கும் நமக்கு இது கூடுதலாகவே தேவை. வேறு கண்டத்து நிலையத்துக்கு 3 புள்ளி. நம் கண்டத்திலேயே வேறு நாடு என்றால் 1 புள்ளிதான். காலையில் 21 மெகாஹெர்ட்ஸில் ஜப்பான்காரர்கள் வரிசைகட்டி நிற்பார்கள், ஆளுக்கு ஒரு புள்ளியோடு. அவர்களை விடாமல், மற்ற ரிக்கில் 28 மெகாஹெர்ட்ஸைத் துழாவினால் ஒரு பசிபிக் தீவு அகப்படலாம். அதற்கு 3 புள்ளி, அந்த பேண்டில் அது புது நாடு என்றால் மொத்தப் புள்ளியைப் பெருக்கும் எண்ணும் ஒன்று கூடும். நான் முதலில் இதைப் பேராசை என்றே நினைத்தேன். இப்போது கவனத்தைப் பழக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நம் அவதானிகளை நினைத்துக்கொள். கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் சதாவதானம் செய்துகாட்டினார். முதுகில் விழும் கற்களையும் மணியோசையையும் எண்ணியபடியே கேட்ட ஈற்றடிக்கு வெண்பா சொல்வது அந்தக் கலை. வாய் ஒன்றுதான், கவனம்தான் பல கிளையாகப் பிரிகிறது. அழைப்பை அனுப்புவது கணினியின் வேலை என்பதால், உனக்கு அவர்களைவிடச் சுமை குறைவு.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதே. 7 மெகாஹெர்ட்ஸில் அனுப்பினால் அதன் மடங்குகள் 14, 21, 28 என்று மற்ற பேண்டுகளிலும் எழும். அதுபோக, பக்கத்து ஆன்டெனா வழியாக உள்ளே வரும் சக்தி இரண்டாவது ரிக்கின் முன்பகுதியையே எரித்துவிடலாம். ஒவ்வொரு ரிக்குக்கும் அந்தந்த பேண்டுக்கான வடிகட்டி போடு. ஆன்டெனாக்களை மொட்டைமாடியின் இரு கோடிக்கும் தள்ளிவை. ஒன்று அனுப்பும்போது மற்றது அனுப்பாதபடி பூட்டும் அவசியம். விதியை நினைவாற்றலிடம் ஒப்படைக்காதே.

இந்த வருடம் இரண்டாவது ரிக்கில் கேட்டால் போதும், அனுப்ப வேண்டாம். முதல் ரிக் தானாக அழைத்துக்கொண்டிருக்கட்டும். மற்றதில் காதில் விழும் அழைப்புக்குறிகளைத் தாளில் எழுது. முதல் ரிக்கில் யாராவது பதில் தந்தால், பாதி எழுதிய குறியை அப்படியே விட்டுவிட்டு அவரிடம் போ. காத்திருப்பவரைத் தவறவிடுவதுதான் பெரிய நஷ்டம். அப்புறம், இடப்பக்க ரிக் இடக்காதுக்கு, வலப்பக்க ரிக் வலக்காதுக்கு. ஹெட்போனை ஒருநாளும் மாற்றி மாட்டாதே; தூக்கம் சொக்கும் இரண்டாம் இரவில் எந்த ரிக் பேசுகிறது என்று காதுதான் உனக்குச் சொல்லும்.

அன்புடன்,
மாமா