ஒதுக்கப்பட்ட கணினியிலிருந்து ஓர் ஒலிப்பெருக்கி

நுழையும்முன்

ஒரு கணினி பழையதாகிவிட்டது என்கிறோம். அதில் பழையதானது கணக்கிடும் வேகம் மட்டுமே. அதனுள் இருக்கும் மின்வழங்கியும் அலுமினியத் துடுப்புகளும் செப்புக் கம்பிகளும் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கின்றன. அவற்றைக்கொண்டு ஒரு வகுப்பறைக்குப் போதுமான ஒலிப்பெருக்கியை அமைக்கலாம். அம்முறையையும், அதன் பின்னுள்ள அறிவியலையும், அதில் காக்கவேண்டிய எச்சரிக்கையையும் இப்பாடம் விளக்குகிறது.

பெருக்குதல் என்பது யாது?

நரம்பை மட்டும் தனியே இழுத்துக் கட்டி மீட்டினால், எழும் ஒலி அருகில் இருப்பவருக்கே எட்டும். அந்நரம்பை மரக்குடத்தோடு இணைத்தால் அவை முழுவதும் கேட்கும். யாழுக்குப் பத்தரும் வீணைக்குக் குடமும் இப்பணியைச் செய்தன. ஆயினும், குடம் புதிய ஆற்றல் எதையும் சேர்ப்பதில்லை. விரல் தந்த ஆற்றலையே அது காற்றில் நன்கு பரப்புகிறது.

மின்னணுப் பெருக்கியின் செயல் வேறு. ஏரியின் மதகுப் பலகையைத் தூக்க ஒருவர் கை போதும். ஆனால், பாய்வது ஏரியின் நீர். பலகை ஏறினால் நீர் மிகும், இறங்கினால் குறையும். கையின் அசைவு எவ்வாறோ, நீரின் பாய்ச்சலும் அவ்வாறே. பெருக்கியில் கைப்பேசியிலிருந்து வரும் சிறிய மின்குறிப்பு, கையின் இடத்தில் இருக்கிறது. மின்வழங்கி ஏரியின் இடத்தில் இருக்கிறது. சிறிய குறிப்பை இழுத்துப் பெரிதாக்குவது பெருக்கியின் வேலையன்று. மின்வழங்கியின் ஆற்றலைக்கொண்டு அக்குறிப்பின் வடிவிலேயே மற்றொன்றை வார்ப்பதே அதன் வேலை.

1906ஆம் ஆண்டு லீ டி ஃபாரஸ்ட் உருவாக்கிய மும்முனை வெற்றிடக் குழல் இவ்வகையில் முன்னோடியானது. அக்குழலை ஆங்கிலேயர் ‘வால்வு’ என்றே அழைத்தனர். மதகுபோல் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது என்பது அப்பெயரின் பொருள். நம் முன்னோர் ‘வால்வு ரேடியோ’ என்று சொன்னது இதனால்தான். 1947இல் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. இன்று பல டிரான்சிஸ்டர்களை ஒன்றாக அடக்கிய தொகுப்புச்சுற்று, விரல் நுனி அளவில் அதே பணியைச் செய்கிறது.

கணினி தரும் பொருள்கள்

மேசைக் கணினியில் முதலில் பயன்படுவது, எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிப் பெட்டி. 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தைப் பெற்றுக்கொண்டு, மஞ்சள் கம்பியில் 12 வோல்ட்டும் சிவப்புக் கம்பியில் 5 வோல்ட்டும் நேர்மின்னோட்டமாக அது தருகிறது. கறுப்புக் கம்பிகள் பொதுமுனை. பச்சைக் கம்பியைக் கறுப்புடன் இணைத்தால் பெட்டி இயங்கத் தொடங்கும். பழைய வகைகள் சிலவற்றில் சிவப்புக் கம்பி சும்மா கிடந்தால் 12 வோல்ட் நிலைப்படுவதில்லை. பழைய குறுந்தகடு இயக்கி ஒன்றை அதனுடன் இணைத்துவிட்டால் இக்குறை நீங்கும்.

இரண்டாவது, செயலியின்மேல் அமர்ந்திருக்கும் அலுமினியத் துடுப்புப் பட்டை. கடைகளில் இதனை ‘ஹீட் சிங்க்’ என்பர். செயலியின் வெப்பத்தைக் காற்றில் கடத்திய அதே பட்டை, பெருக்கியின் வெப்பத்தையும் கடத்தும்.

மூன்றாவது, தாய்ப்பலகையில் நிற்கும் மின்தேக்கிகள். இவற்றைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. 2000ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த தாய்ப்பலகைகள் பலவற்றில் மின்தேக்கிகளின் தலை உப்பி வெடித்தது உலகறிந்த செய்தி. தலை உப்பியதும் அடியில் நீர் கசிந்ததும் பயன்படா. உடலில் 6.3 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதை 12 வோல்ட் செல்லும் இடத்தில் பொருத்தலாகாது. 16 வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்டதே ஏற்றது. எதிர்முனையைக் காட்டும் பட்டைக் கோட்டையும் பார்த்தே பொருத்த வேண்டும்.

கணினியோடு வந்த பழைய பேச்சுப்பெட்டியிலிருந்து ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்கவேண்டியது பெரும்பாலும் ஒன்றே. மகிழுந்து வானொலிக்கென உருவாக்கப்பட்ட டி.டி.ஏ. 2003 என்னும் ஐந்து கால் தொகுப்புச்சுற்று அது. மகிழுந்தின் மின்கலமும் 12 வோல்ட் என்பதால், கணினியின் மஞ்சள் கம்பி இதற்குப் பொருந்துகிறது.

திறக்கக்கூடாத பெட்டி

மின்வழங்கியின் எஃகு உறையைத் திறத்தல் கூடாது. 230 வோல்ட் மாறுமின்னோட்டம் உள்ளே நேர்மின்னோட்டமாக மாறும்போது ஏறத்தாழ 320 வோல்ட் ஆகிறது. அம்மின்னூட்டத்தைப் பெரிய மின்தேக்கிகள் தாங்கி நிற்கின்றன. மின்இணைப்பைத் துண்டித்த பின்னரும் சில வேளைகளில் அது தங்கியிருக்கும். உயிருக்கு ஊறு செய்ய அது போதும். ஒரு பொருளைப் பிரித்துப் பார்க்கும் ஆர்வம் அறிவின் தொடக்கம். எதைப் பிரிக்காமல் விடுவது என்று தெரிந்துகொள்வதும் அவ்வறிவின் பகுதியே. பெட்டியை மூடியவாறே, நிலத்தொடுப்புள்ள மூன்று துளை மின்செருகியில் பொருத்தி, ஆசிரியரின் மேற்பார்வையில் பயன்படுத்த வேண்டும்.

சுற்றின் அமைப்பு

தொகுப்புச்சுற்றின் முதற்கால் குறிப்பை ஏற்கும். இரண்டாம் கால் பின்னூட்டத்தைப் பெறும். மூன்றாம் கால் பொதுமுனை. நான்காம் காலில் வெளியீடு எழும். ஐந்தாம் கால் 12 வோல்ட்டைப் பெறும்.

நான்காம் காலிலிருந்து 220 ஓம் மின்தடை ஒன்று புறப்படுகிறது. அது 2.2 ஓம் மின்தடை வழியாகப் பொதுமுனையை அடைகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்து ஒரு மின்தேக்கி இரண்டாம் காலுக்குச் செல்கிறது. இதனால் வெளியீட்டில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு மீண்டும் உள்ளே வருகிறது. வந்த பங்கை முதற்காலின் குறிப்போடு சுற்று ஒப்பிட்டு, வேறுபாட்டைத் தானே திருத்திக்கொள்கிறது. நூறில் ஒரு பங்கு திரும்பி வருவதால், பெருக்கமும் ஏறத்தாழ நூறு மடங்காக நிலைபெறுகிறது. வெப்பத்தாலோ மின்னழுத்த மாற்றத்தாலோ அது எளிதில் மாறுவதில்லை.

வெளியீட்டிற்கும் ஸ்பீக்கருக்கும் இடையே 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வேண்டும். நேர்மின்னோட்டம் சென்று ஸ்பீக்கரின் சுருளைச் சுடாதவாறு அது தடுக்கிறது. ஒலிக்குரிய மாறுமின்னோட்டத்தை மட்டும் விடுகிறது. உள்ளீட்டுக் கம்பி வலைக்கவசம் உடையதாக இருத்தல் நன்று. இல்லையேல், வீட்டு மின்னோட்டத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு ‘ம்ம்’ என்னும் இரைச்சலாகப் பாட்டோடு கலந்துவிடும்.

தெரிந்து தெளிவோம்

வெளியீட்டின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிப் பிழை திருத்தும் இம்முறைக்கு எதிர்ப்பின்னூட்டம் என்று பெயர். இதனைக் கண்டவர் அமெரிக்கப் பொறியாளர் ஹெரால்டு பிளாக். 1927 ஆகஸ்டில் ஒரு நாள் காலை, பணிக்குச் செல்ல ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்துகொண்டிருந்தபோது இக்கருத்து அவருக்குத் தோன்றியது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பக்கத்திலேயே அதனை வரைந்துவைத்தார். அப்போது அவருக்கு வயது 29. பெருக்கத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தால் தூய்மையைப் பெறலாம் என்பதே அவர் கண்ட உண்மை.

முதற்சோதனை

பற்றாசு வைத்து முடித்தவுடன் 12 வோல்ட்டை நேராக இணைத்தல் கூடாது. கணினி மின்வழங்கி பல ஆம்பியர் மின்னோட்டத்தைத் தரவல்லது. ஓரிடத்தில் தவறாக இணைந்திருந்தாலும் கம்பி உருகும். எனவே, இருசக்கர வண்டியின் 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை மஞ்சள் கம்பியில் தொடராக இணைத்துச் சோதிப்பர். பல்பு பளிச்சென்று எரிந்தால் சுற்றில் பிழை உள்ளது. எரியாதிருந்தால் சுற்று சரியாக இருக்க வாய்ப்புண்டு. அதன்பின் பல்பை நீக்கி, ஒலியளவைக் குறைவாக வைத்துக் கைப்பேசியை இணைக்கலாம்.

மூன்று வாட்டின் மதிப்பு

12 வோல்ட்டில் இச்சுற்று 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கோட்பாட்டளவில் 4.5 வாட் தரக்கூடும். சுற்றிலேயே ஏற்படும் இழப்பைக் கழித்தால், தெளிவாகக் கிடைப்பது 3 வாட் அளவே. கடைப்பெட்டிகளின் மேல் அச்சிட்ட நூற்றுக்கணக்கான வாட்டுகளைக் கண்டவர்க்கு இது சிறிதாகத் தோன்றும். ஆனால், ஒலி இருமடங்காகக் காதில் படுவதற்கு ஆற்றல் ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். எனவே, 3 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு காதுக்கு இருமடங்கே. ஒரு பாடப்பகுதியின் ஒலிப்பதிவைக் கடைசி வரிசை மாணவரும் சொல் பிசகாமல் கேட்பதற்கு 3 வாட் போதும்.

எஞ்சியவை

2022ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. அதில் முறைப்படி மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடே. செம்புக்காகக் கம்பிகளைத் திறந்தவெளியில் எரிப்பவர்கள் நச்சுப்புகையை மூச்சில் ஏற்கின்றனர். பற்றாசிலுள்ள ஈயம் மண்ணில் கலக்கிறது.

ஒரு பெருக்கியைச் செய்வதால் இக்கழிவு தீர்ந்துவிடாது. கணினியின் பெரும்பகுதி பயன்படாமல் எஞ்சவே செய்யும். அதனைக் குப்பையில் எறியாமல், பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சிக்கான பொறுப்பை உற்பத்தியாளர் மீதும் சுமத்துகின்றன. ஆயினும், எறிவதற்கு முன் ஒரு பொருளின் உள்ளே என்ன இருக்கிறது, அதில் எது இன்னும் வேலை செய்யும் என்று கேட்பது பயன்படுத்துவோரின் பொறுப்பாகும். அக்கேள்வியைக் கேட்கப் பழகிய மாணவர், அடுத்த பொருளை வாங்கும்போதும் அதையே கேட்பார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியில் பயன்படாமல் இருக்கும் மின்னணுப் பொருள்களைப் பட்டியலிட்டு, அவற்றில் மீண்டும் பயன்படும் பகுதிகளை ஆசிரியருடன் கலந்துரையாடுக.
2. உங்கள் ஊரில் பழுதுபார்க்கும் தொழில் செய்பவர் ஒருவரிடம் நேர்காணல் செய்து, அவர் பயன்படுத்தும் தொழிற்சொற்களைத் தொகுக்க.

மதிப்பீடு

1. வீணைக்குடத்தின் செயலும் மின்னணுப் பெருக்கியின் செயலும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. மின்வழங்கிப் பெட்டியைத் திறக்கக்கூடாது என்பதற்கான காரணத்தை விளக்குக.
3. ‘விட்டுக்கொடுத்தால் தூய்மையைப் பெறலாம்’ – எதிர்ப்பின்னூட்டத்தின் வழி இக்கருத்தை நிறுவுக.