சீனத்துக் கோயிலில் நம் கண்ணன்

கேள்வி: மகன் சீனாவில் படிக்கிறான். போய்ப் பார்க்கும்போது தமிழரோடு தொடர்புள்ள கடலோர நகரம் ஏதும் பார்க்கலாமா?
– வாசகி, துணுக்காய்

பதில்: இருக்கிறது, அம்மா. ஃபூஜியன் மாகாணத்துச் சுவான்சோ. குப்ளாய் கான் காலத்தில், 1281இல், அங்கே தமிழ் வணிகர் சிவன் கோயில் எழுப்பினார்கள். அதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு 1956இல் கிடைத்தது. கோயில் இன்றில்லை. ஆனால் கையுவான் பௌத்த விகாரையின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் போய்ப் பாருங்கள்: இரண்டு தூண்களில் நரசிம்மரும், உரலில் கட்டுண்டு மருதமரங்களுக்கிடையே தவழும் கண்ணனும் இருக்கிறார்கள். மற்றச் சிற்பங்களைக் கடல்சார் அருங்காட்சியகத்தில் காணலாம். சியாமெனிலிருந்து கடுகதி ரயிலில் சுமார் அரைமணி நேரம்தான்.

விசாவுக்குக் கொழும்பு போனால் தேசிய அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே காலியில் நாட்டுவித்த 1409ஆம் ஆண்டுக் கல் அங்கேதான் இருக்கிறது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனார் என்னும் திருமாலுக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை எழுதியிருக்கிறது. சீனப் பீங்கான் ஓடுகளோ உங்களுக்குப் பக்கத்து மாந்தையிலேயே கிடைத்திருக்கின்றன. போக்குவரத்து இருபக்கமும் நடந்ததுதான்.