வண்டி அடிபட்டால் பட்டறைக்கு முன்னால் பாலிசி!



நம் குழுக் கடனில் ஒரு உறுப்பினர் வாங்கிய லோடு ஆட்டோ, மழையில் பாலத்துச் சுவரில் மோதியது. "வண்டி ஓடினாத்தானே தவணை கட்ட முடியும்" என்று அன்றைக்கே பட்டறையில் பிரித்துவிட்டோம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நாலு நாள் கழித்துத்தான் சொன்னோம். சர்வேயர் வந்தபோது காட்டுவதற்குச் சேதமே இல்லை. பணம் வரலை. மூன்று மாதத் தவணையை நாமெல்லாம் பங்கு போட்டுக் கட்டினோம். இனி இப்படிச் செய்வோம்:

1. அடிபட்டவருக்கு முதலில் 108. பிறகு வண்டியை நாலு பக்கமும் போட்டோ எடுப்போம்.

2. 'தேர்டு பார்ட்டி' பாலிசி அடுத்தவர் நஷ்டத்துக்கு மட்டும்தான். நம் வண்டி ரிப்பேருக்கு முழு இன்சூரன்ஸ் வேண்டும்.

3. உடனே கம்பெனிக்குச் சொல்லி கிளெய்ம் நம்பர் வாங்குவோம். சர்வேயர் பார்க்கும் வரை ஒரு நட்டைக்கூடக் கழற்றக் கூடாது.

4. ஆர்.சி. புக், டிரைவர் லைசென்ஸ், பாலிசி, பட்டறை எஸ்டிமேட் தயாராக இருக்கட்டும்.

5. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பொதுவாக 50 சதவீதம் கழிப்பார்கள். அது நம் கைக்காசு.

6. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு, கம்பெனிக்குப் புகார் எழுதுவோம். 30 நாளில் தீராவிட்டால், ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது.

வண்டி வைத்திருக்கும் சகோதரிகள் அடுத்த கூட்டத்துக்குப் பாலிசியை எடுத்து வாங்க. சேர்ந்து படித்துப் பார்ப்போம்.