புதிய இணைய முகவரியும் இல்லத்துச் சுரங்கவழியும்

ஊருக்குப் பெயரும் வீட்டுக்கு இலக்கமும் இல்லையாயின் தபாற்காரர் கடிதத்தை யாங்ஙனம் சேர்ப்பார்? இணையத்திலும் இதுவே நியதி. செய்தியை அனுப்பும் கணினிக்கும் பெறும் கணினிக்கும் முகவரி வேண்டும். அம்முகவரி எண்ணாலானது. அவ்வெண்முறை இந்நாளிற் பழையதினின்று புதியதற்கு மாறிவருகின்றது. கடல்கடந்து வாழும் நம் பழைய மாணவர்க்கும் யாழ்ப்பாணத்திலுள்ள அவர்தம் இல்லங்களுக்கும் இடையே ஒரு தனிவழி அமைத்தற்கு அம்மாற்றம் பெருந்துணையாவது. அதனால் வரும் பயனையும், உடன்வரும் கடமையையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய முறையும் அதன் குறையும்

இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பு 1981ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. அதில் ஒரு முகவரி 32 துவித இலக்கங்கள் உடையது. ஆகவே மொத்தம் 4,294,967,296 முகவரிகளே அமையும். உலக மக்கட்டொகையோ 2022ஆம் ஆண்டு நவம்பரில் 800 கோடியை எட்டிவிட்டது. இலங்கையில் வணிக இணையச் சேவை தொடங்கிய 1995ஆம் ஆண்டு, யாழ்ப்பாண மக்கள் போரினால் வீடு வாசல் விட்டு இடம்பெயர்ந்த ஆண்டாகும். முந்தி வந்தோர் நிறையப் பெற்றனர். பிந்தி வந்தோர்க்கு எஞ்சியது சிறிதே. 2011ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் நாள் உலகப் பொதுக் களஞ்சியத்திலிருந்த இறுதித் தொகுதிகளும் பகிர்ந்தளிக்கப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரலில் ஆசிய பசுபிக் பிராந்தியத்தின் இருப்பும் கடைசிக் கட்டத்தை அடைந்தது.

தட்டுப்பாட்டைச் சமாளிக்கச் சேவை நிறுவனங்கள் பல இல்லங்களுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிட்டு வழங்கலாயின. ஓர் ஒழுங்கையில் இருபது வீடுகள் இருக்க, வீதிக்கு ஒரே படலை வைத்தாற் போன்றது இது. உள்ளிருப்போர் வெளியே செல்லலாம். அவர் கேட்டதற்கு மறுமொழியும் வரும். வெளியிலிருந்து ஒருவர் தாமாக வந்து, இன்ன வீடு என்று அறிந்து கதவைத் தட்டல் இயலாது. கொக்குவிலிலுள்ள தம் வீட்டுக் கணினியை ரொறன்ரோவிலிருந்து அழைக்க விரும்பும் மகனுக்கு இதுவே முதற்றடை.

புதிய முறை

ஆறாம் பதிப்பு 1998ஆம் ஆண்டு டிசம்பரில் வரையறுக்கப்பட்டு, 2017ஆம் ஆண்டு ஜூலையில் முழு நியமம் ஆயிற்று. 2012ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் உலகின் பெருநிறுவனங்கள் பல அதனை நிலையாக வழங்கத் தொடங்கின. இதில் ஒரு முகவரிக்கு 128 துவித இலக்கங்கள். அமையும் முகவரிகளின் தொகை 39 இலக்கங்கள் கொண்ட பேரெண். ஒரு வீட்டு வலையமைப்புக்கு ஒதுக்கப்படும் பகுதி மட்டுமே 20 இலக்கத் தொகையுடையது. ஆகவே வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியும் தனக்கெனப் பொது முகவரி பெறலாம்.

இம்முகவரி பதினறும எண்களால் எட்டுக் கூறுகளாக எழுதப்படும். கூறுகளுக்கிடையே முக்காற்புள்ளி நிற்கும். தொடர்ந்துவரும் சுழியக் கூறுகளை நீக்கி, இரண்டு முக்காற்புள்ளிகளை அடுத்தடுத்து இடலாம். ஆனால் ஒரு முகவரியில் ஒருமுறைதான் இவ்வாறு தொகுக்கலாம். தமிழிலே தொகைநிலைத் தொடரில் உருபு மறைந்து நிற்பினும் பொருள் பெறப்படும். ஈண்டும் மறைந்த கூறுகள் எத்தனையென்று எட்டிலிருந்து கழித்துக் காணலாம். ஈரிடத்தில் மறைப்பின் எவ்விடத்து எத்தனை என்பது துணிய முடியாது.

சுரங்கவழி அமைக்குமாறு

மெய்நிகர் தனியார் வலையமைப்பு எனப்படும் வீ.பி.என்., பொது வீதியின் கீழே செல்லும் சுரங்கவழியை ஒப்பது. செய்திப் பொதி மறைகுறியாக்கப்பட்டு மற்றொரு பொதியினுள் வைத்து அனுப்பப்படும். இடைநின்றோர் வெளியுறையைக் காண்பாரேயன்றி உள்ளடக்கத்தைப் படிக்கார். இதற்கான மென்பொருள்களுள் வயர்காட் என்பது எளிமையானது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் லினக்ஸ் கருவகத்தோடு சேர்க்கப்பட்டது.

முறை இதுவாகும். வீட்டில் ஒரு சிறு கணினியை இடையறாது இயங்க வைக்கவேண்டும். அதற்கும் வெளியூரிலிருப்போரின் கருவி ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு திறப்புகள் உருவாக்கவேண்டும். ஒன்று அந்தரங்கத் திறப்பு. அது பிறந்த கருவியை விட்டு நீங்கலாகாது. மற்றையது பொதுத் திறப்பு. அதனை ஒருவர்க்கொருவர் மாற்றிக் கொள்ளலாம். பின்னர் வீட்டு வழிப்படுத்தியின் தீச்சுவரில், அச்சிறு கணினியின் ஆறாம் பதிப்பு முகவரிக்கு ஒரேயொரு துறையைத் திறக்கவேண்டும். வழக்கமாகக் கொள்ளும் துறை எண் 51820. சேவை நிறுவனம் முகவரியை இடையிடையே மாற்றுமாயின், மாற்றத்தைத் தானே பதிந்துகொள்ளும் ஒரு பெயரை வைத்துக்கொள்ளுதல் நன்று. உறைக்குரிய 80 எண்பிட்டுகளை 1500 என்னும் வழமையான அளவிலிருந்து கழித்து, பொதியின் உச்ச அளவை 1420 என அமைப்பர்.

ஒன்று மறத்தலாகாது. வெளியூரிலுள்ள கருவியும் ஆறாம் பதிப்பைப் பெற்றிருத்தல் வேண்டும். இரு பதிப்பும் உள்ள சிறு சேவையகம் ஒன்றை வாடகைக்கு எடுத்து அதனை நடுவழியாகக் கொள்ளுதலே அஃதில்லாதார்க்கு வழி. இந்தியாவிலே ஜியோ நிறுவனம் 2016ஆம் ஆண்டு தொடங்கியது முதல் ஆறாம் பதிப்பைப் பரவலாக வழங்கியமையால் அங்கு இக்குறை பெரிதும் நீங்கிற்று. இங்குள்ளோர் தத்தம் சேவை நிறுவனத்தை வினவி அறிக.

இரு வாயில்களும் இரு கடமைகளும்

இன்று பெரும்பாலான கருவிகள் இரு பதிப்புகளையும் ஒருங்கே பயன்படுத்த வல்லன. சுரங்கவழி பழைய பதிப்பை மட்டும் ஏற்குமாயின், புதிய பதிப்பிற் செல்லும் செய்தி சுரங்கத்தை விட்டு வெளிவீதியிலேயே செல்லும். வாயிலைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த கதையே அது. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, பெயர்பெற்ற 14 வணிக வீ.பி.என். சேவைகளைச் சோதித்து, அவற்றுட் பெரும்பாலானவை இவ்வாறு ஒழுகக் கண்டது. ஆகலின் இரு பதிப்புகளையும் சுரங்கத்தினுள் செலுத்துமாறு அமைத்தல் முதற்கடமை.

இரண்டாவது, படலையைக் காத்தல். பழைய பங்கீட்டு முறை வெளியாரைத் தடுத்தது. அஃது அதன் நோக்கமன்று, தற்செயலான பயன். புதிய முறையில் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி உண்மையால் தீச்சுவரே வேலி. ஒரு துறைக்காக முழு வேலியையும் பிரித்தல் பேதைமை. கண்காணிப்புக் கமெராவை நேரே வெளியுலகிற்குத் திறந்துவிடாது, சுரங்கவழியாகவே பார்த்தல் வேண்டும்.

செய்வதும் செய்யாததும்

2018ஆம் ஆண்டு மார்ச்சிலும், 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னரும், 2022ஆம் ஆண்டு ஏப்ரலிலும் இலங்கையிற் சமூக ஊடகங்கள் தடைப்பட்டபோது, பலர் கிடைத்த இலவச வீ.பி.என். எதையும் நாடினர். அச்சேவையை நடத்துவோர் நம் செய்தி எங்கெங்குச் செல்கின்றது என்பதைக் காணவல்லவர் என்பதைப் பலர் எண்ணிலர். இல்லத்துச் சுரங்கவழியில் அவ்விடத்தில் நிற்பவர் நாமே. எனினும் அது நம்மை மறைக்கும் மாயப்போர்வை அன்று. அதன்வழி வெளியே செல்வோர் தம் வீட்டு முகவரியுடனேயே தோன்றுவர். வீடு இலங்கையிலாயின் இங்குள்ள தடையும் அவரைத் தொடரும். பொது இடத்து இணையத்திற் காவலும், சொந்த வீட்டுக்கு வழியுமே அது தருவன.

அவ்வழியாற் பெறுவது யாது? காணி உறுதி, குடும்பப் புகைப்படம், முன்னோர் கையெழுத்துப் பிரதி முதலியவற்றைப் படிமமாக்கி வீட்டில் வைத்து, அவற்றின் மறுபிரதியை இலண்டனிலோ ரொறன்ரோவிலோ உள்ள உறவினர் இல்லத்திலும் சுரங்கவழியாகச் சேர்க்கலாம். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாதன மீளவில்லை. ஒரே இடத்தில் வைத்த செல்வம் ஓர் இரவில் அழியும் என்பதை நம்மினும் நன்கு அறிந்தவர் யார்?

மாணவர் இக்கலையைப் பாடநூலில் மட்டும் கற்றமையாது, ஆசிரியர் துணையுடன் செய்து பழகுவாராக. பழைய மாணவர் தம் பெற்றோர் வீட்டில் அதனை அமைக்க அவர்க்கு வாய்ப்பளிப்பாராக. முகவரி பெருகிற்று, அதனைப் பேணும் அறிவும் உடன் பெருகுக.